'சர்ஃப்': கரையில் உடைந்த அலை

கடலில் எழும் அலையை ஆங்கிலம் 'வேவ்' என்கிறது. அதே அலை கரையை நெருங்கி, ஆழம் குறைந்த இடத்தில் உடைந்து நுரைத்துச் சிதறும்போது 'சர்ஃப்' ஆகிறது.

இச்சொல்லின் வேரை அகராதியாளர்கள் இன்னும் உறுதிசெய்யவில்லை. ஆனால் 17-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் இது பெரும்பாலும் இந்தியக் கரையைப் பற்றிய எழுத்துகளிலேயே வருகிறது. முதலில் 'சஃப்' என்று இருந்தது. பொங்கியெழுவதைக் குறிக்கும் 'சர்ஜ்' என்ற சொல்லின் சாயலில் 'ர்' ஒட்டியிருக்கலாம் என்பது ஒரு கருத்து.

கரையில் உடையும் அலையின் சீற்றத்தைச் சென்னை நன்றாகவே அறியும். துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் கரைக்கு வராமல் தொலைவிலேயே நங்கூரமிட்டன. ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலா படகுகள். ஆணியே இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியவை. விறைப்பான ஐரோப்பியப் படகுகள் உடைந்துபோகும் அலையில் இவை வளைந்துகொடுத்துத் தப்பின.

ஹவாய்த் தீவு மக்களின் பழங்கலையான பலகைச் சறுக்கலுக்கும் ஆங்கிலம் இச்சொல்லிலிருந்தே 'சர்ஃபிங்' என்று பெயரிட்டது. பிறகு ரிமோட்டும் கையுமாகச் சானல் தாவுவது சர்ஃபிங் ஆனது. 1992-இல் அமெரிக்க நூலகர் ஜீன் ஆர்மர் பாலி தம் கட்டுரைக்கு இட்ட தலைப்பால் இணைய உலாவலுக்கும் அப்பெயர் பரவியது.

அமெரிக்க உணவகங்களில் 'சர்ஃப் அண்ட் டர்ஃப்' என்றால் கடலுணவும் இறைச்சியும் சேர்ந்த தட்டு. தமிழ்நாட்டு மளிகைக் கடையிலோ, 1959-இல் இந்தியச் சந்தைக்கு வந்த சலவைத்தூளின் பெயர் அது. பல வீடுகளில் எந்த நிறுவனத்தின் தூளும் 'சர்ஃப்'தான்.