பல்கலைக்கழகமும் தமிழ் முரசும்

பல்கலைக்கழகம் அறிஞர்க்கு மட்டும் உரிய இடமன்று. மக்களின் வரிப்பணமும் நன்கொடையும் அதனைத் தாங்குகின்றன. மக்களின் பிள்ளைகளே அதன் வகுப்புகளில் அமர்கின்றனர். ஆதலின் அங்கே எடுக்கப்படும் முடிவு ஒன்று மக்களின் உணர்வோடு மோதுமாயின், அதனைத் தெளிவாக எடுத்துரைக்கவும், எதிர்ப்பைச் செவிமடுக்கவும், இரு சாராரும் ஏற்கத்தக்க வழியொன்றைக் காட்டவும் ஒருவர் வேண்டியிருக்கிறது. இக்காலத்துப் பல்கலைக்கழகங்கள் இப்பணிக்கெனத் தனி அலுவலகங்களை அமைத்து, செய்தித்தாள்களோடு தொடர்பு கொள்ளவும் நெருக்கடி வேளையில் விடை கூறவும் பயிற்சி பெற்றோரை அமர்த்தியுள்ளன. அத்தகைய ஏற்பாடுகள் பெருகாத காலத்தில், சிங்கப்பூரில் ஒரு தமிழ் நாளிதழாசிரியர் பல்கலைக்கழகத்திற்கு வெளியே நின்றே அப்பணியின் பெரும்பகுதியை ஆற்றினார். அவர் தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி. தமிழுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த வரலாறு அவர் நடத்திய இயக்கத்தின் வரலாறும் ஆகும்.

ஒரே சாலையின் இரு முனைகள்

1949ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தோன்றிற்று. ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியும் இராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து அப்பல்கலைக்கழகம் ஆயின. கலைப் பாடங்கள் புக்கிட் தீமா சாலையிலிருந்த இராபிள்ஸ் கல்லூரி வளாகத்தில் நடைபெற்றன. பயிற்றுமொழி ஆங்கிலம்.

அதே புக்கிட் தீமா சாலை கிழக்கே வந்து சிராங்கூன் சாலையைத் தொடும் இடமே தேக்கா. மாட்டுக் கொட்டில்களும் கால்நடை வணிகமும் நிறைந்திருந்த அப்பகுதியில் தமிழர் குடியேறிக் கடையும் கோயிலும் கண்டனர். தேக்காவுக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்கும் இடையே இருந்த தொலைவு சில கல்லே. ஆயினும் சிராங்கூன் சாலையின் தொழிலாளிக்கும் கடைச் சிப்பந்திக்கும் அவ்வளாகம் எட்டாத உலகமாகவே இருந்தது. அக்காலத் தமிழ்ப் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளின் தமிழ்க் கல்வி தொடக்க நிலையோடு நின்றது. உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியில் உயர்நிலைக் கல்வி தொடங்கியதே 1960இல்தான். தூண்கள் முழுமையாக எழாத வீட்டிற்குக் கூரை எதற்கு என்று எண்ணியோரும் இருந்திருக்கக்கூடும். ஆனால் உயர்கல்வியில் மதிப்பில்லாத மொழியைத் தொடக்கப் பள்ளியிலும் பெற்றோர் நெடுங்காலம் போற்ற மாட்டார்கள். இவ்வுண்மையை உணர்ந்தவர் சாரங்கபாணி.

இதழாசிரியர் உருவான விதம்

1903இல் தமிழகத்தில் பிறந்த சாரங்கபாணி 1924இல் சிங்கப்பூர் வந்தார். தந்தை பெரியார் 1929இன் இறுதியில் முதன்முறையாக மலாயாவுக்கு வந்தார். அதனையொட்டி வளர்ந்த சீர்திருத்த எழுச்சியில் சாரங்கபாணி முன்னின்றார். 'முன்னேற்றம்' இதழின் வழியே எழுத்துப் பணியில் ஈடுபட்டார். தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் 1935ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் 'தமிழ் முரசு' வார இதழாகத் தோன்றியது, 1937இல் நாளிதழாயிற்று. போருக்குப் பின் 1946இல் 'இந்தியன் டெய்லி மெயில்' என்னும் ஆங்கில நாளிதழையும் அவர் தொடங்கினார். தமிழ் மட்டும் அறிந்த உழைப்பாளியோடும் ஆங்கிலம் கற்ற அலுவலரோடும் பேசவல்ல இதழாளர் அவர் என்பதனை இது காட்டும். பல்கலைக்கழகச் சிக்கலில் இத்தகுதி பெரிதும் வேண்டப்பட்டது. பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் எண்ணியது, சமூகமோ தமிழில் எண்ணியது.

எந்த மொழி?

1950களின் முற்பகுதியில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை ஒன்றினை நிறுவும் எண்ணம் எழுந்தது. இந்தியாவிலிருந்து வரலாற்றறிஞர் க. அ. நீலகண்ட சாத்திரியாரின் கருத்துக் கேட்கப்பட்டது. சோழர் வரலாற்றை விரிவாக எழுதியவர். சிறீவிசயப் பேரரசையும் ஆராய்ந்தவர். தென்னாட்டையும் தென்கிழக்காசியாவையும் அவரைப்போல் ஒருங்கே அறிந்தோர் சிலரே. அவர் அத்துறைக்குச் சமற்கிருதத்தை முதன்மை மொழியாகப் பரிந்துரைத்தார்.

அப்பரிந்துரைக்குக் கல்வியுலகில் ஆதரவான மரபு உண்டு. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இந்திய இயல் சமற்கிருத அடித்தளத்தின்மீதே வளர்ந்தது. தென்கிழக்காசியாவின் பழங் கல்வெட்டுகள் பலவும் அம்மொழியில் அமைந்தவை. ஆராய்ச்சி ஒன்றனையே நோக்கினால் அவர் கூற்றுக்கு வலுவுண்டு என்பதை மறுத்தல் இயலாது.

ஆனால் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியருள் மிகப் பெரும்பான்மையர் தமிழர். இரப்பர்த் தோட்டங்களிலும் துறைமுகத்திலும் நகராண்மைப் பணிகளிலும் அவர்கள் பேசிய மொழி தமிழ். பள்ளிகளில் அவர்தம் பிள்ளைகள் கற்ற மொழியும் தமிழ். இந்நாட்டுப் பல்கலைக்கழகம் இந்தியரின் பெயரால் அமைக்கும் துறையில் அம்மொழிக்கு முதலிடம் இல்லையெனில், அத்துறை யாருக்காக? இவ்வினாவே நெருக்கடியின் உள்ளீடு. அறிஞர் ஒருவர் ஆராய்ச்சித் தேவையை எண்ணிக் கூறிய கருத்து, சமூகத்தின் காதில் தன் மொழி புறக்கணிக்கப்பட்ட செய்தியாக ஒலித்தது.

தமிழ் எங்கள் உயிர்

தமிழ் முரசு இச்செய்தியைத் தமிழ் மக்களிடம் கொண்டு சென்றது. தமிழே அத்துறையின் மொழியாதல் வேண்டும் என்று வாதாடியது. அது நடுவுநிலை நின்ற செய்தித்தாளன்று. ஒரு சார்பு எடுத்து நின்ற இதழ். எனினும் அதன் பெருமை எதிர்ப்போடு நின்றுவிடாமையில் இருக்கிறது. கண்டனத் தீர்மானம் இயற்றுதல் எளிது. சில நாளில் சினம் ஆறிவிடும். சாரங்கபாணியோ சினத்தைச் செயலாக மாற்றினார். பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் இடம்பெறுவதற்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டும் இயக்கத்தைத் தொடங்கினார்.

இவ்வியக்கத்தின் நுட்பம் எண்ணத்தக்கது. பல்கலைக்கழகத்தை நோக்கி 'இதனைச் செய்க' என்று கோரிய சமூகம், 'அதற்குரிய நூல்களை நாங்கள் தருகிறோம்' என்றும் கூறியது. கோரிக்கையாளர் கொடையாளரும் ஆயினர். தமிழ் படிக்க ஆளுண்டா, ஆதரவுண்டா என்னும் ஐயத்திற்கு நிதியே விடையாக நின்றது. பல்கலைக்கழக வாயிலை மிதித்தறியாத ஒருவரும் அதன் நூலகத்தில் தமக்கொரு பங்குண்டு என்று எண்ண இடம் கிடைத்தது.

அதே காலத்தில் சிங்கப்பூர்ச் சீனச் சமூகமும் உயர்கல்விக்காக எழுந்து நின்றது. 1953இல் தொழிலதிபர் டான் லார்க் சை சீனமொழிப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டுமென அறிவித்து 50 இலட்சம் வெள்ளி வழங்க முன்வந்தார். ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 523 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1954இல் திரிஷா ஓட்டிகள் ஒருநாள் உழைப்பின் ஊதியத்தை அளித்தனர். நன்யாங் பல்கலைக்கழகத்தில் 1956இல் வகுப்புகள் தொடங்கின. தமிழர் நிலை வேறு. 1957ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி சிங்கப்பூர் மக்கள்தொகை ஏறத்தாழ 14 இலட்சத்து 46 ஆயிரம். அதில் இந்தியர் நூற்றுக்கு ஒன்பதின்மரே. தனிப் பல்கலைக்கழகம் எழுப்பும் வலிமை அச்சிறு சமூகத்திற்கு இல்லை. இருக்கின்ற பல்கலைக்கழகத்தினுள் தமிழுக்கு இடம் தேடுதலே அதற்கேற்ற நெறியாக இருந்தது.

பயனும் பிரிவும்

1956இல் இந்திய இயல் துறை தொடங்கப்பெற்றது. தமிழ் அதன் மொழியாயிற்று. இது சிங்கப்பூர் மண்ணில் கிடைத்த வெற்றி. ஆயினும் சிங்கப்பூர் அதனை நெடுநாள் வைத்திருக்கவில்லை. 1959இல் பல்கலைக்கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரு பிரிவுகளாயிற்று. இந்திய இயல் துறை கோலாலம்பூருக்குச் சென்றது. 1962இல் அப்பிரிவுகள் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின.

அங்கே துறை தழைத்தது. 1961இல் தனிநாயக அடிகளார் அதன் தலைமையை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியபோது, அப்பல்கலைக்கழகமும் அத்துறையும் தமிழாராய்ச்சி உலகின் கண்முன் நின்றன. சிராங்கூன் சாலைத் தமிழரும் ஊன்றிய விதை கடற்பாலத்திற்கு அப்பால் கனி தந்தது. சிங்கப்பூரிலோ தமிழில் முழுமையான பட்டப்படிப்பு உள்நாட்டிலேயே அமையும் நாள் 2006 வரை தள்ளிப்போயிற்று.

மற்றொரு நெருக்கடி

துறை பிரிந்து சென்ற மறு ஆண்டே, புக்கிட் தீமா வளாகம் வேறொரு புயலில் சிக்கியது. 1960 நவம்பர் 17ஆம் நாள் ஆங்கிலப் பேராசிரியர் டி. ஜே. என்ரைட் தம் தொடக்கப் பேருரையை நிகழ்த்தினார். உரைப்பொருள் இராபர்ட் கிரேவ்ஸ் என்னும் கவிஞரைப் பற்றியது. முன்னுரையாக, அரசின் பண்பாட்டுக் கொள்கையைக் குறைகூறிச் சில சொற்கள் சொன்னார். மறுநாள் செய்தித்தாளில் அச்சொற்களே முன்னின்றன. கவிஞர் பின்னுக்குப் போனார். பேராசிரியரை அழைத்து அரசு கண்டித்தது. மாணவர் கூடிப் பேராசிரியர் பக்கம் நின்றனர். கடிதங்கள் பரிமாறப்பட்ட பின்னரே பூசல் அடங்கியது. அப்போது பண்பாட்டமைச்சராக இருந்தவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து செய்தியாளராகப் பெயர்பெற்ற சி. இராசரத்தினம். இதழியலை நன்கறிந்தவர் ஒருபுறம், சொல்லாட்சி மிக்க கவிஞர் மறுபுறம்; இருந்தும் இடையில் நின்று முழு உரையையும் அதன் நோக்கத்தையும் மக்களுக்கு விளக்குவார் இல்லாமையால் சில வாக்கியங்கள் பெருநெருப்பாயின.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். பல்கலைக்கழகத்தின் சொல் மக்களை அரைகுறையாகச் சென்றடையும்போது பூசல் விளைகிறது. அச்சொல்லின் பொருளை மக்கள் மொழியில் எடுத்துரைத்து, அவர்கள் செய்யத்தக்க செயலொன்றனையும் முன்வைப்பவர் கிடைத்தால் பூசலும் ஆக்கமாகிறது. சாரங்கபாணி பல்கலைக்கழகத்தின் ஊதியம் பெற்றவரல்லர். அதனை எதிர்த்து வாதாடியவர். இருந்தும் அதற்கு அவர் செய்த நன்மை பெரிது. மக்கள் தம்முடையதென்று எண்ணும் துறையொன்றினை அது பெறுவதற்கு அவர் வழிசெய்தார்.

அவர் 1974இல் மறைந்தார். உமறுப்புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அப்பெயரைத் தாங்கிய தமிழ்மொழி நிலையம் சிராங்கூன் சாலையை அடுத்த பீட்டி சாலையில் இன்றும் மாணவர்க்குத் தமிழ் கற்பிக்கிறது. அங்குப் பயிலும் மாணவர், பல்கலைக்கழகத்தில் தமிழ் இருப்பதை இயல்பானதென்று கருதலாம். அந்த இயல்புநிலை கேட்டும் கொடுத்தும் பெறப்பட்டது என்பதை அவர்க்கு எடுத்துரைத்தல் தமிழாசிரியர் கடமையாகும்.