திறந்த இருக்கை முறை விமானங்களில் குழந்தைகளுடன் பயணம்

திறந்த இருக்கை முறை என்பது பயணிகளுக்கு முன்கூட்டியே இருக்கை எண் ஒதுக்காமல், விமானத்தில் ஏறும் வரிசைப்படி அவரவர் விரும்பும் காலி இருக்கையில் அமர விடும் முறையாகும். ஐக்கிய அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1971 முதல் 2026 சனவரி வரை இம்முறையைப் பின்பற்றியது. ஐரோப்பாவில் ஈசிஜெட் நிறுவனம் 2012 இலும், ரையன்ஏர் நிறுவனம் 2014 இலும் இதனைக் கைவிட்டன. இந்தியாவில் 2003 இல் சேவையைத் தொடங்கிய ஏர் டெக்கானும் இம்முறையைக் கையாண்டது.

தனியே பயணிப்பவர் கடைசியாக ஏறினாலும் அவருக்கு ஓர் இருக்கை போதும். மூன்று வயதுக் குழந்தையுடன் வரும் தாய்க்கோ அடுத்தடுத்து இரண்டு இருக்கைகள் தேவை. எனவே இம்முறையில் சிறு குழந்தைகளுடன் வருவோர் எப்போது ஏறுகின்றனர் என்பதே முதன்மையான சிக்கலாக இருந்தது. இக்கட்டுரை பெரும்பாலும் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் நடைமுறையை விவரிக்கிறது.

தோற்றம்

சவுத்வெஸ்ட் 1971 சூன் 18 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ், ஹியூஸ்டன், சான் அன்டோனியோ ஆகிய மூன்று நகரங்களுக்கிடையே பறக்கத் தொடங்கியது. 1972 இல் பணநெருக்கடியால் தன்னிடம் இருந்த நான்கு விமானங்களுள் ஒன்றை விற்றது. மீதமிருந்த மூன்றைக் கொண்டே பழைய கால அட்டவணையை நிறைவேற்ற, தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடங்களில் மீண்டும் கிளப்பும் வழக்கத்தை மேற்கொண்டது. இருக்கை ஒதுக்காமல் விடுவது இவ்விரைவுக்குத் துணை செய்தது. இருக்கை எண்ணைத் தேடி நிற்பவரும், தம் இடத்தில் வேறொருவர் அமர்ந்துள்ளார் என வாதிடுபவரும் இதில் இல்லை. தொடக்க காலத்தில் எண் பொறித்த நெகிழி அட்டைகளே ஏறும் அட்டையாக வழங்கப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டன.

குடும்பங்கள் ஏறும் நேரம்

2007 இலையுதிர் காலம் வரை சிறு குழந்தைகளுடன் வருவோர் அனைவருக்கும் முன்பாக ஏற அனுமதிக்கப்பட்டனர். 2007 அக்டோபரில் இச்சலுகை மாற்றப்பட்டது. அதன்பின் நான்கு வயதும் அதற்குக் குறைவான வயதும் உடைய குழந்தைகளுடன் வருவோர் 'ஏ' பிரிவினர் ஏறிய பின்னர், 'பி' பிரிவினருக்கு முன்பாக அழைக்கப்பட்டனர். பின்னாளில் இந்த வயது வரம்பு ஆறாக உயர்த்தப்பட்டது. குழந்தையுடன் இரண்டு பெரியவர்கள் வரை ஏறலாம்.

அதே ஆண்டு நவம்பரில் ஒவ்வொரு பயணிக்கும் ஏ1 முதல் ஏ60, பி1 முதல் பி60 என எண் வழங்கும் ஏற்பாடு வந்தது. விமானம் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பு இணையவழிப் பதிவு தொடங்கும். முந்திப் பதிவு செய்தவருக்குச் சிறிய எண் கிடைக்கும். கைக்குழந்தை வைத்திருப்பவர் அந்த நிமிடத்தில் கணினி முன் அமர்ந்திருப்பது அரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இருக்கைக் கணக்கு

'ஏ' பிரிவுக்குப் பின் ஏறுவதில் என்ன பயன் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். இந்நிறுவனம் பயன்படுத்திய போயிங் 737-700 விமானத்தில் 143 இருக்கைகள், ஏறத்தாழ 24 வரிசைகளில் அமைந்திருந்தன. நடைபாதையின் இருபுறமும் மும்மூன்று இருக்கைகள். 'ஏ' பிரிவின் 60 பேரும் தனித்தனியே வந்து, முன்னிருந்து பின்னாக சன்னலோரமும் நடைபாதையோரமும் அமர்ந்தால் முதல் 15 வரிசைகளில் நடு இருக்கைகள் மட்டுமே எஞ்சும். பின்னுள்ள ஒன்பது வரிசைகள் முழுதும் காலியாக இருக்கும். ஆகவே 61 ஆவதாக ஏறும் குடும்பம் விமானத்தின் பின்பகுதிக்குச் சென்றால் சேர்ந்து அமர இடம் உண்டு.

'பி' பிரிவும் ஏறிவிட்டால் நிலைமை வேறு. சன்னலோர, நடைபாதையோர இருக்கைகள் மொத்தம் 96 அளவே உள்ளதால், 120 பேர் அமர்ந்த பின் எஞ்சுபவை 23 நடு இருக்கைகள் மட்டும். அவற்றுள் எந்த இரண்டும் அடுத்தடுத்து இரா. ஏழு வயதுப் பிள்ளையுடன் 'சி' பிரிவு அட்டை பெற்ற பெற்றோர் இந்நிலையையே எதிர்கொண்டனர். அப்போது விமானப் பணியாளர் யாரேனும் இடம் மாறித் தருமாறு பயணிகளிடம் கேட்பார். மாறித் தருவது அவரவர் விருப்பம்.

பாதுகாப்பு விதிகள்

காலியாக உள்ள எல்லா இருக்கைகளும் குழந்தைகளுக்கு உகந்தவை அல்ல. ஐக்கிய அமெரிக்க விதிகளின்படி அவசர வழி வரிசையில் 15 வயதுக்குட்பட்டோர் அமர இயலாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை பெரியவரின் மடியில் பயணிக்கலாம். ஆயினும் மூன்று இருக்கைகளுக்கு மேலே பொதுவாக நான்கு ஆக்சிசன் முகமூடிகளே இருப்பதால் ஒரு பக்கத்து மூவிருக்கைக்கு ஒரு மடிக்குழந்தை என்பது வழக்கம். கைக்குழந்தைகளுடன் வரும் இரு தாய்மார் ஒரே பக்கத்தில் அருகருகே அமர முடியாமற் போவது இதனால்தான். குழந்தைக்கான கார் இருக்கையைப் பிறர் வெளியேறும் வழியை மறிக்காதவாறு, பெரும்பாலும் சன்னலோரத்தில் பொருத்த வேண்டும். சன்னலோர இருக்கைகளோ முதலில் நிரம்புபவை.

குழந்தையைப் பிரித்து அமர்த்துவது வெறும் வசதிக் குறைவு அன்று. அழுத்தம் குறையும்போது முகமூடியை மாட்டிவிட அருகில் பெரியவர் வேண்டும். அவசரமாக வெளியேறும்போது தம் குழந்தையைத் தேடிப் பெற்றோர் எதிர்த்திசையில் சென்றால் அனைவரும் வெளியேறுவது தடைப்படும். இக்காரணத்தாலேயே பிரித்தானியக் குடிசார் விமானப் போக்குவரத்து ஆணையம், குழந்தையும் உடன்வருபவரும் இயன்றவரை ஒரே வரிசையில், இயலாதபோது ஒரு வரிசை இடைவெளிக்கு மேற்படாமல் அமர வேண்டும் என அறிவுறுத்துகிறது.

இருக்கை பிடித்தல்

2009 இல் தானாகவே முந்திப் பதிவாகும் கட்டணச் சேவை அறிமுகமானது. குடும்பத்தில் ஒருவர் மட்டும் இதனை வாங்கி முதலில் ஏறி, பை அல்லது மேலாடையை வைத்து மற்றவர்களுக்கு இடம் பிடிப்பது பரவியது. இதனை அனுமதிக்கும் விதியும் இல்லை, தடுக்கும் விதியும் இல்லை. பின்னால் வந்தவர்களுடன் சச்சரவு எழுந்தது இயல்பே. ஆறு வயது வரையான குழந்தைக்கு இவ்வாறு பணம் செலவிடத் தேவையிருக்கவில்லை. ஏழு வயது முதல் உள்ள பிள்ளைகளுக்கே முறையில் இடைவெளி இருந்தது.

கைவிடப்பட்டமை

சவுத்வெஸ்ட் 2024 சூலையில் இருக்கை ஒதுக்கும் முறைக்கு மாறப்போவதாக அறிவித்தது. தன் வாடிக்கையாளர்களில் 80 விழுக்காட்டினர் ஒதுக்கப்பட்ட இருக்கையையே விரும்புவதாகத் தனது ஆய்வைச் சுட்டியது. அதே ஆண்டு மே மாதம் நிறைவேறிய விமானப் போக்குவரத்துச் சட்டம், குழந்தைகளைக் கூடுதல் கட்டணமின்றிப் பெற்றோர் அருகில் அமர்த்துவது குறித்து விதி வகுக்கப் பணித்தது. ஆகஸ்டில் போக்குவரத்துத் துறை 13 வயது வரையான பிள்ளைகளுக்கு இதனை உறுதிசெய்யும் வரைவு விதியை வெளியிட்டது.

2026 சனவரி 27 முதல் சவுத்வெஸ்ட் விமானங்களில் இருக்கை எண் ஒதுக்கப்படுகிறது. புதிய முறை தொடங்கியபோது உயர்ந்த கட்டணச் சீட்டுகளில் பயணி தாமே இருக்கையைத் தேர்ந்தெடுக்க இயன்றது. மிக மலிவான சீட்டில், பயணப் பதிவின்போது நிறுவனமே இருக்கையை ஒதுக்கியது.