பிறந்த வீட்டுப் பணத்துக்குத் தனிக்கணக்கு பிறந்த கதை

பங்குனிப் புனர்பூசத்தன்று மாப்பிள்ளை நந்தியை அழைத்துக்கொண்டு திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரும் அறம்வளர்த்தநாயகியும் கொள்ளிடம் தாண்டித் திருமழபாடிக்கு வருகிறார்கள். வியாக்ரபாதர் மகள் சுயசாம்பிகைக்கும் நந்திக்கும் இங்கேதான் கல்யாணம். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று நம்பி வருவார்கள், பெண்ணுக்கு வரன் தேடும் பெற்றோர். என்ன சீர் செய்வது என்று மனக்கணக்கு ஓடும். அந்தச் சீர் யாருடையது என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஸ்திரீதனம் என்ற சொல்தான் தேய்ந்து சீதனம் ஆனது. பெண்ணின் செல்வம் என்று பொருள். அக்கினி முன் கொடுத்தது, புகுந்த வீட்டுக்குப் புறப்படும்போது கொடுத்தது, அன்பால் கொடுத்தது, தாய், தந்தை, உடன்பிறந்தான் கொடுத்தது என ஆறு வகை சொல்கிறது மனுநூல். மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குவதற்கு அதே பெயரை வைத்தது நாம் செய்த கொடுமை.

அப்பா இறந்தபின் மகளுக்கு வரும் நிலம்? அதுவும் ஸ்திரீதனமே என்றார் மிதாட்சரம் எழுதிய விஞ்ஞானேசுவரர். லண்டன் பிரிவி கவுன்சில் மறுத்துவிட்டது. அவள் அனுபவிக்கலாம், தகுந்த காரணமின்றி விற்க முடியாது, உயில் எழுத முடியாது. அவளுக்குப் பின் அது அப்பாவின் அடுத்த வாரிசுக்கு. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டது. 1956 ஜூன் 17-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுதான் அந்தக் கட்டை அவிழ்த்தது: வாரிசாக வந்தாலும் தானமாக வந்தாலும் அவளே முழு உரிமையாளர்.

அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவில் நுட்பமான ஓர் ஏற்பாடு உண்டு. பிள்ளையில்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாதித்தது கணவருக்குப் போகும். தாய் தந்தையிடமிருந்து வாரிசாக வந்ததோ அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். ஆனால் இது வாரிசாக வந்ததற்கு மட்டும். நம் ஊர் அப்பாக்கள் பாசத்தோடு எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்குப் பொருந்தாது. அந்தச் சொத்து யாருக்குப் போக வேண்டும் என்பதை அவள் உயிலில் எழுதிவைப்பதே நல்லது.

விவாகரத்தில் சொத்தைப் பாதியாகப் பிரிக்கும் பொது விதி நம்மிடம் இல்லை. கோவாவில் போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சட்டம் வேறு. இங்கே அவரவர் பூர்வீகம் அவரவருக்கு. நகை கணவர் வீட்டுப் பீரோவில் இருந்தாலும் அவளுடையதே, அவர்கள் நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பவர்கள் மட்டுமே என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

உரிமை இருந்தும் பெண்கள் தோற்பது நிரூபிக்கும் இடத்தில்தான். அப்பா நிலத்தை விற்ற பணம் கூட்டுக் கணக்கில் விழுந்து, சம்பளத்தோடு கலந்து, கணவர் பெயரில் மாடி வீடாக எழும்பியபின் எதைக் காட்டுவாள்? பணம் தனிக் கணக்கில் வந்திருந்தால் பாஸ்புக் பேசும். விற்ற பத்திரத்தின் நகல், நகை ரசீது, கல்யாணச் சீர்ப் பட்டியல் எல்லாம் அவள் கையில் இருக்க வேண்டும்.

திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமுன், அதன் கல்வெட்டுகளை ஏட்டில் படியெடுக்கச் சொன்னான் ராஜராஜன். விமானம் எழும்பி, மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் ஏறின. யார் எதைக் கொடுத்தார் என்பது இன்றும் அந்தச் சுவரில் இருக்கிறது.