அரை பூஜ்யத்தில் ஒரு ஊர்

மாடல் ரயில் என்றதும் எல்லோர் கண்ணும் எஞ்சின் மேல்தான் போகும். ஆனால் எஞ்சின் எந்த ஊரிலும் ஓடும். இது எந்த ஊர் என்று சொல்வது ஸ்டேஷன், சிக்னல் கேபின், கேட்கீப்பர் வீடு, தண்ணீர்த் தொட்டி எல்லாம்தான். அந்தக் குட்டிக் கட்டடங்களின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஆரம்பம் ஜெர்மனி. 1859-ல் தொடங்கிய மெர்க்லின் கம்பெனி, 1891-ல் லைப்சிக் சந்தைக்கு அளவு வகுத்த தண்டவாளங்களோடு பொம்மை ரயிலைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து ஸ்டேஷன்கள் தகரத்தில் செய்து பெயிண்ட் அடித்தவை. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கட்டுப்படியாகும். பிறகு ரயில் சிறுத்துக்கொண்டே வந்தது. சாப்பாட்டு மேஜையில் அடங்க வேண்டுமே! ‘பூஜ்யம்’ என்ற அளவில் ஏறக்குறைய பாதி என்பதால் ‘ஹாஃப் ஓ’, சுருக்கமாக எச்.ஓ. நிஜத்தில் 87 அடி என்றால் இங்கே 1 அடி.

1946-ல், போர் முடிந்த மறு வருஷம், கருங்காட்டுப் பகுதியில் குட்டன்பாக் என்ற ஊரில் ஹெர்மன், எட்வின் ஃபாலர் என்ற சகோதரர்கள் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். நிஜ ஊர்கள் இடிந்து கிடந்த நாட்டில் அவர்கள் பொம்மை வீடு விற்றார்கள். 1950களில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வந்ததும் விலை இறங்கியது. சுவர், ஜன்னல், ஓடு எல்லாம் ஒரே சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, பசை வைத்து நிறுத்த வேண்டியதுதான். பிரிட்டனில் ஏர்ஃபிக்ஸும் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் இதில் இறங்கியது.

நம் ஊருக்கு இதெல்லாம் வெளிநாடு போய்வந்தவர்களின் பெட்டியில்தான் வந்தது. நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த கடைசிக் கட்டுப்பாடுகள் நீங்கியதே 2001 ஏப்ரல் 1-ல். அப்படியும் பக்கத்துப் புனேயில் பாவுசாகேப் ஜோஷி என்ற மனிதர், தன் சொந்தப் பொழுதுபோக்காகத் தொடங்கியதை ஒரு குட்டி நகரமாகவே வளர்த்து, 1998 ஏப்ரல் 1-ல் கோத்ருடில் மியூசியமாகத் திறந்துவிட்டார்.

ஒரே ஒரு சங்கடம். ஜெர்மன் கிட்டில் வருவது பனி வழுக்கி விழச் சரிந்த கூரை. அதை வைத்துக்கொண்டு மாயவரம் ஸ்டேஷன் கட்ட முடியுமா?

கட்டடம் கட்டுவது நமக்குப் புதிதும் அல்ல. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கொலு வைக்கும்போது படிக்குக் கீழே பார்க் கட்டுவோமே! கண்ணாடியில் தெப்பக்குளம், முளைவிட்ட கேழ்வரகில் வயல், தீப்பெட்டியில் வீடு, சுற்றிவர ஒரு சாவி ரயில். அளவுகோல் மட்டும்தான் அதில் கிடையாது. பிள்ளையார் ஸ்டேஷனைவிட உயரமாக நிற்பார்.

அளவுகோலைக் கொண்டுவந்தால் ஒரு வேடிக்கை தெரியும். நம் பிராட் கேஜ் 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ.தான், ஐரோப்பாவின் கணக்கு. ஆகவே ராஜதானி எக்ஸ்பிரஸை அதில் ஓட்டினால் கொஞ்சம் பொய்தான். மீட்டர் கேஜை வகுத்துப் பாருங்கள்: 11.5. சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலை ரயில்களை மாடல் செய்வதற்காகவே 12 மி.மீ. தண்டவாளம் விற்கிறது. கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும்! நீலகிரி ரயிலின் பழைய எக்ஸ் வகை எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவைதானே.

தாதரில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சோடு எழும்பூர் ஓடி, அங்கே சின்ன ரயிலைப் பிடித்தவர்களுக்கு மீட்டர் கேஜ் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 1992-ல் ஒரே கேஜ் திட்டம் வந்தது. சென்னைக் கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் ரயில் 2004-ல் நின்றது. இன்று தமிழ்நாட்டில் மிச்சம் இருப்பது நீலகிரி ஒன்றுதான். பிராட் கேஜ் வேண்டியதுதான். பெட்டி மாறாமல் ஊர் போய்ச் சேர்கிறோம். ஆனால் பாதை அகலமானபோது பல சிறிய ஸ்டேஷன்கள் இடிந்து, எங்கும் ஒரே மாதிரி கான்கிரீட் கட்டடங்கள் எழுந்தன. இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் ஊர் ஸ்டேஷனைக் காட்ட ஒரு போட்டோகூடப் பல வீடுகளில் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், கிட் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உங்கள் ஊர் ஸ்டேஷனைக் கட்டிப் பாருங்கள். அட்டைக்கும் சன்போர்டுக்கும் மும்பையில் பஞ்சமா? நிஜத்தில் 1 அடிக்கு இங்கே 3.5 மி.மீ. போட்டோவில் ஒரு கதவு தெரிந்தால் போதும். அதை 7 அடி என்று வைத்தால் மாடலில் 24.5 மி.மீ. அந்தக் கதவைக் கொண்டே சுவரையும் கூரையையும் அளந்துவிடலாம்.

போட்டோ இல்லையா? அப்பாவைக் கேளுங்கள். டிக்கெட் ஜன்னல் எந்தப் பக்கம், குழாய் எங்கே, புளியமரம் பிளாட்பாரத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று. சித்தப்பாவையும் கேளுங்கள். இரண்டு பேரும் நிச்சயம் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை நடக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். வேறு பிளான் எதுவும் நமக்குக் கிடைக்கப் போவதில்லை.