ஆறாவது மாடியின் உச்சா வரலாறு

நியூயார்க்கில் நாய் வளர்ப்பவர்கள் குனியப் பழகியது 1978 ஆகஸ்ட் 1ஆம் தேதியிலிருந்து. நாய் போட்டதை வளர்ப்பவரே அள்ள வேண்டும், தவறினால் 100 டாலர் வரை அபராதம் என்ற மாநிலச் சட்டம் அன்றுதான் அமலுக்கு வந்தது. 4 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். கண் தெரியாதவர்களின் வழிகாட்டி நாய்களுக்கு விலக்கு உண்டு. குவீன்ஸில் ஆறாவது மாடியில் 14 வயது நாயோடு குடியிருக்கிறேன். இந்த ஊர்ச் சரித்திரத்தில் ராத்திரி மூன்று மணிக்கு எனக்கு உறைப்பது இந்தப் பகுதிதான்.

அதற்கு முந்தைய வழக்கம் வேறு. நடைபாதையில் போகவிடக் கூடாது, கீழே இறக்கித் தெருவோரத்தில் போகவிட வேண்டும். அப்படிச் செய்யச் சொல்லும் பலகைகள் 1930களிலேயே தெருவுக்கு வந்துவிட்டன. பெருக்குகிறவர்கள் மற்ற குப்பையோடு சேர்த்து அள்ளிவிடுவார்கள் என்பது கணக்கு. போர் முடிந்ததும் கார்கள் பெருகி ஓரத்தை எல்லாம் அடைத்துக்கொண்டன. பெருக்கும் வண்டி நுழைய வேண்டுமே என்று, இன்று இந்தப் பக்கம் நாளை அந்தப் பக்கம் நிறுத்து என்ற முறையை 1950இல் கொண்டுவந்தார்கள். நாய்க்கு மட்டும் யாரும் முறை வைக்கவில்லை. பம்பருக்கும் பம்பருக்கும் நடுவே நுழைய முடியாத நாய் நடைபாதைக்கே திரும்பியது.

1970களில் இதை ஊர்ச் சண்டையாக்கியவர் ஃப்ரான் லீ. டி.வி.யில் வீட்டு யோசனைகள் சொல்லிப் பெயர் வாங்கியவர். நாய் மலத்திலுள்ள டாக்சோகாரா புழுவின் முட்டை குழந்தைகளின் கண்ணைக் கெடுக்கும் என்று மேடைக்கு மேடை பேசினார். நாயைவிடக் குழந்தை முக்கியம் என்பது அவர் கட்சி. அள்ளும் சட்டம்கூட அவருக்குப் போதவில்லை. ஆசைப்பட்டு வளர்க்கிறவர்கள் தங்கள் வீட்டுக்குள்ளேயே போகப் பழக்கட்டும், தெரு எதற்கு என்றார். நாய்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒரு கூட்டத்தில் அவர் மேலேயே நாய் மலத்தை எறிந்தார்கள்.

எதிர்ப்பு அந்த மாதிரி ஆட்களோடு நிற்கவில்லை. பிராணிவதைத் தடுப்புச் சங்கமே சட்டம் வேண்டாம் என்றது. குனிய முடியாத முதியவர்கள் நாயைக் கைவிட்டுவிடுவார்கள் என்பது அவர்கள் பயம். நகர அளவில் எடுத்த முயற்சி படுத்துவிட்டதால், மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குப் போய் மாநிலச் சட்டமாகவே கொண்டுவர வேண்டியிருந்தது. எட் காச் மேயராக இருந்தபோது அமலானது. பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. போலீஸ்காரரின் அபராதச் சீட்டைவிட அடுத்த வீட்டுக்காரரின் முறைப்புக்குத்தான் ஜனங்கள் பயந்தார்கள்.

தெரு விவகாரம் அடங்கியபின் வீட்டுக்காரர் விவகாரம் வந்தது. நாய் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, வருஷக்கணக்கில் கண்டும் காணாமல் இருந்து, குடியிருப்பவரைக் கிளப்ப வேண்டும் என்று தோன்றும்போது அந்த வரியை எடுத்து நீட்டுவார்கள். நாயைப் பிரிய முடியாத முதியவர்கள் இதில் ரொம்பவே அவதிப்பட்டார்கள். 1983இல் நகரசபை இதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டது. நாயை ஒளிக்காமல் வளர்த்து, அது தெரிந்தும் 3 மாதத்துக்குள் வீட்டுக்காரர் வழக்குப் போடாவிட்டால், அந்த வரி செல்லாது.

ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது. நாயால் கட்டடத்துக்குச் சேதமோ அண்டை வீட்டாருக்குத் தொல்லையோ வந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். கிழநாய் வைத்திருப்பவர்கள் தூக்கத்தை விடுவது இந்த இடத்தில்தான். காலடிச் சத்தம் கீழே கேட்கக் கூடாதென்று, தரையில் 80 சதவீதம் கார்ப்பெட் விரிக்கச் சொல்லும் ஒப்பந்தங்கள் இங்கே சகஜம். உச்சாவுக்கு அதைவிட மோசமான தரை கிடையாது. மேலே துடைத்தாலும் அடியில் இறங்கி மரப்பலகையைக் கறுக்கவைத்துவிடும், வாடை போகாது, அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு நாய் மறுபடி அங்கேயே நிற்கும்.

வீட்டுக்குள்ளேயே போகப் பூனைக்கு வழி முன்பே பிறந்துவிட்டது. 1947இல் மிச்சிகனில் எட் லோ சாம்பலுக்குப் பதிலாகக் களிமண் குருணையைக் கொடுத்தார், பூனை முழுநேர வீட்டுப் பிராணியாகிவிட்டது. நாய்க்குப் பழைய செய்தித்தாள்தான் கதி. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்துக் கெட்டியாக வைத்துக்கொள்ளும் பாலிமர் 1980களில் குழந்தைகளின் டயப்பருக்குள் வந்தது. இன்றைய நாய் விரிப்பும் அந்தச் சரக்குதான்.

எங்கள் நாய் மணி ராத்திரியில் எழுப்ப ஆரம்பித்தபோது டாக்டர் முதலில் கேட்டது அதன் சிறுநீரைத்தான். கிட்னி தளர்ந்துவிட்டது, அது சிறுநீரைச் சுண்டவைக்க முடியாததால் நிறையப் போகிறது, போன தண்ணீருக்காக நிறையக் குடிக்கிறது. குடிக்கிற தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார். ஜனவரிக் குளிரில் கோட்டு மாட்டி, லிஃப்டுக்கு நின்று, கீழே போவதற்குள் பாதி வழியிலேயே நடந்துவிடும். இப்போது குளியலறைக்குப் போகும் வழியில் கார்ப்பெட்டைச் சுருட்டிவிட்டேன். பழைய ஷவர் திரையை அடியில் போட்டு, மேலே மூன்று விரிப்புகளை ஓரம் ஏறியிருக்கும்படி அடுக்கி, வழியில் கால் வழுக்காத ரப்பர் மேட், சுவரில் ஒரு சின்ன விளக்கு. பின்னங்கால் நடுங்கினாலும் மணி தானே போய் வந்துவிடுகிறது. தப்பி வெளியே பட்டால் என்சைம் திரவம். அம்மோனியா கலந்த கிளீனர் கிட்டவே வரக் கூடாது, அதன் வாடை நாயை அதே இடத்துக்குக் கூப்பிடும்.

78ஆம் வருஷத்துச் சட்டம் தெருவுக்காக எழுதப்பட்டது, 83ஆம் வருஷத்தது கதவுக்காக. கதவைத் தாண்ட முடியாத நாயைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி கிடையாது. இளம் நாய்க்கு ஃப்ரான் லீ சொன்னது அநியாயம் என்று இன்றும் நினைக்கிறேன். ஓட்டமும் மோப்பமும் இல்லாமல் அதற்கு என்ன வாழ்க்கை? ஆனால் மணியின் வயதுக்கு, நாய்க்காரர்கள் விரட்டிய அந்த அம்மாளின் யோசனையைத்தான் நாய்க்காரியான நான் கடைப்பிடிக்கிறேன்.