மணலெழுத்தும் கைக்கணக்கும்

பத்து காஜாவைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களுக்குப் பள்ளியைக் கட்டாயமாக்கியது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும். ஆசிரியர்க்கு எங்கே போவது? பல தோட்டங்களில் கங்காணியும் கிராணியுமே கற்பித்தனர்.

தமிழகத்திலிருந்து வந்தோர் அறிந்திருந்தது திண்ணைப்பள்ளி: மணலில் விரலெழுத்து, எண்சுவடி மனனம், இளையோர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் இம்முறையைக் கண்ட ஆண்ட்ரூ பெல், அதனை இங்கிலாந்துக்கே கொண்டு சென்றார்!

1983இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றையும் குழுமுறையிலும் கைப்பொருள் கொண்டும் கற்பிக்கச் சொன்னது. புதுமை என்றனர், பாதிப் புதுமை என்பதே பொருந்தும். எண்சுவடியில் பிள்ளைகள் வாயால் சொல்லிப் பழகிய மா, காணி, முந்திரி எனும் பின்னங்களுக்கு அதில் இடமில்லை.