வெள்ளைக்கல் கொத்திய கைகள்



என் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டில் ஒரு சைசிங் மில்லில் பாய்லர் பார்க்கிறார். பாய்லர் அடுப்புக்குள் கட்டியிருந்த ஃபயர் பிரிக்கில் பழசாகிக் கழித்துப்போட்ட கல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதைப் பார்த்த என் அம்மா, "இது களிமண் கல்லு கண்ணு. நாங்க கொத்துனது வெள்ளைக்கல்லு. இரும்பு உருக்குற உலைக்குப் போறது" என்றார். அன்றைக்குத்தான் அம்மா செய்த வேலையைப் பற்றி முதல்முறையாகக் கேட்டேன்.

அம்மா பிறந்தது சேலத்தில், ஏற்காடு மலை அடிவாரத்துப் பக்கம். அங்கே பூமிக்குள் நரம்பு நரம்பாக ஓடும் வெள்ளைக்கல்லின் பெயர் மேக்னசைட். வெள்ளைக்காரன் காலத்திலேயே அதை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெயரிலேயே மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. 1979-இல் நம் அரசே தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனத்தைத் தொடங்கியது. பர்ன் ஸ்டாண்டர்டு கம்பெனியின் சேலம் ஆலை 2011-இல் செயில் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

இந்தக் கல்லுக்கு ஏன் இத்தனை மதிப்பு? இதைச் சூளையில் 1,600 டிகிரிக்கு மேல் சுட்டால் கரியமில வாயு போய்விடும். நூறு கிலோவில் பாதிகூட மிஞ்சாது. மிஞ்சியதை அரைத்து, அச்சில் அழுத்தி, மறுபடி சுட்டால் உலைச் செங்கல். இரும்பு 1,538 டிகிரியில் உருகும். இது சுத்தமாக இருந்தால், உருக 2,800 டிகிரிக்கு மேல் வேண்டும். உருக்கும்போது போடுகிற சுண்ணாம்பின் கசடு களிமண் கல்லை அரித்துவிடும், இதை அவ்வளவு சுலபத்தில் அரிக்காது.

ஆனால் வெள்ளைக்கல்லோடு வேற்றுக்கல் ஒட்டியிருந்தால் செங்கல் சூட்டில் இளகிவிடும். அதைச் சின்னச் சுத்தியலால் கொத்தி எடுத்தது பெரும்பாலும் பெண்கள்தான். அம்மாவும் ஒரு குவாரியில் கல்யாணம் வரைக்கும் அந்த வேலை செய்தார். சம வேலைக்குச் சம கூலி என்ற சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அம்மா வேலைக்குப் போனது அதற்குப் பிறகுதான். இருந்தாலும் ஆம்பிளைக் கூலி வேறு, பொம்பளைக் கூலி வேறு. ஒருநாள் கல் சில்லு தெறித்து இடது கண்ணில் பட்டது. இன்றைக்கும் அந்தக் கண் மங்கல்தான். ரிஜிஸ்டரில் பெயர் இல்லாததால், அங்கே வேலை செய்தேன் என்று காட்ட ஒரு துண்டுச்சீட்டுகூட அவரிடம் இல்லை.

நம்ம குழுவில் பத்து ரூபாய் கட்டினாலும் நோட்டில் பேர் ஏறுகிறது. அது சின்ன விஷயம் இல்லை என்று அம்மா கண்ணைப் பார்த்த பிறகு தெரிந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும், என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள், சகோதரிகளே.